ஆவணங்களை நாமே படிப்போம்

செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் நம் மக்களின் நிலையை அறிக்கையாக்கினார். 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அந்நிலங்களுள் பல இன்று பிறர் கையில். வழக்காட வேண்டிய நிலப்பதிவேட்டை அலுவலகத்தில் கேட்டுப் பெறலாம். ஆயின், மிராசு முறையில் நாம் நிலமற்றிருந்த வரலாற்றை வீட்டிலிருந்தே படிக்கலாம். 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' என்னும் இணைய நூலகத்தில் 1879ஆம் ஆண்டின் செங்கற்பட்டு மாவட்டக் கையேடு கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஊர்ப்பெயரை இன்றைய ஆங்கில எழுத்தில் இட்டால் அஃது அகப்படாமல் போகலாம். வெள்ளையர் வழக்கான 'சிங்கிள்புட்' என்றே தேடவேண்டும். நம்மைக் குறிக்க அவர்கள் எழுதிய சாதிப்பெயரையும் இட்டாக வேண்டும். கை கூசத்தான் செய்கிறது. எழுதியவர்கள் ஆள்வோர் என்பதை மறவாது, அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' கட்டுரைகளையும் உடன்வைத்துப் படிப்போம். கண்டதை ஆண்டு, பக்க எண், ஊர்ப்பெயருடன் எழுதிச் சங்க நூலகத்தில் சேர்ப்போம்.