தார்ச் சாலையா, காங்கிரீட்டுச் சாலையா?



சாலை சீராக இருந்தால் பால் லாரி நேரத்தில் ஆலையை அடையும். பிள்ளைகள் நேரத்தில் பள்ளியை அடைவர். பேறுகாலத் தாய் நலமாக மருத்துவமனையை அடைவாள். ஆகவே, சாலைக் கணக்கு பொறியியலாளருக்கு மட்டும் உரியதன்று, நமக்கும் உரியது. தார்ச் சாலை மலிவா, காங்கிரீட்டுச் சாலை மலிவா என்பதை இன்று ஆராய்வோம்.

சாலைக்கு இடும் தார், கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தபின் எஞ்சும் கரிய பொருளாகும். அதனைச் சூடாக்கிக் கல்லோடு கலந்து பரப்பி, உருளை கொண்டு அழுத்துவர். ஆறிய சில மணி நேரத்தில் வண்டிகள் ஓடலாம். ஒட்டுப் போடுவதும் எளிது. ஆனால், எண்ணெய் விலை ஏறினால் தாரின் விலையும் ஏறும். காங்கிரீட்டு அவ்வாறன்று. அது இறுகப் பல நாள் காத்திருக்க வேண்டும். அதன் வலிமையை 28ஆம் நாளில் சோதிப்பது வழக்கம். பழுதானால் அத்துண்டையே வெட்டி எடுக்க நேரிடும். ஆயினும், கனத்த பாரத்தை நெடுங்காலம் தாங்கும்.

அத்தாப்புக் கூரையையும் தகரக் கூரையையும் நாம் அறிவோம். முன்னது மலிவு, ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டும். பின்னதற்கு முதற்செலவு கூடுதல். சாலையின் கதையும் இதுவே.

விளங்கிக்கொள்வதற்காக ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சாலையின் ஒரு துண்டுக்குத் தார் 100 வெள்ளி, காங்கிரீட்டு 140 வெள்ளி என்க. தார்ச் சாலையின் மேற்பரப்பைப் புதுப்பிக்க 10ஆம் ஆண்டிலும் 20ஆம் ஆண்டிலும் 30 வெள்ளி வீதம் ஆகும். காங்கிரீட்டுக்கு 20ஆம் ஆண்டில் 10 வெள்ளி போதும். ஆக, 30 ஆண்டுகளில் தாருக்கு 160 வெள்ளி. காங்கிரீட்டுக்கு 150 வெள்ளி. மலிவாகத் தோன்றியதே விலை கூடியதாயிற்று!

ஆனால், கணக்கு இத்துடன் முடியவில்லை. பத்தாண்டு கழித்து வேண்டிய 30 வெள்ளிக்காக, 5 விழுக்காடு வட்டியில் இன்று 18 வெள்ளி 40 காசு சேமித்தால் போதும். இருபதாம் ஆண்டுச் செலவுக்கு 11 வெள்ளி 30 காசு போதும். இவ்வாறு கணக்கிட்டால், இன்று தாருக்கு வேண்டியது ஏறக்குறைய 130 வெள்ளி. காங்கிரீட்டுக்கு 144 வெள்ளி. தராசு மீண்டும் தார்ப் பக்கம் சாய்கிறது. ஆனால், பராமரிப்புப் பணத்தை ஒதுக்கி வைப்பவருக்கே தார் மலிவு. ஒதுக்கத் தவறினால் குழியும் சேறுமே மிஞ்சும்.

பாரத்தையும் மறத்தலாகாது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை வண்டிகளை ஓட்டிச் சாலைகளைச் சோதித்தனர். அச்சின் பாரம் இரு மடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகும் என்பது அச்சோதனையால் தெரிய வந்தது. எனவே, கனத்த லாரிகள் இடைவிடாது செல்லும் வழிக்குக் காங்கிரீட்டின் கூடுதல் செலவு தகும். மோட்டார் சைக்கிளும் சிறு காரும் செல்லும் வழிக்குத் தாரே போதும்.

நமக்குப் பெருமை தரும் செய்தி ஒன்றும் உண்டு. மங்கில் உறையும் கட்டிப்பாலைத் தாரோடு கலக்கும் முறையை மலேசிய ரப்பர் வாரியம் உருவாக்கியுள்ளது. அம்முறையில் நம் நாட்டில் சாலைகளும் போடப்பட்டுள்ளன. இதன் முதற்செலவு சாதாரணத் தாரைவிடக் கூடுதல். வெடிப்பையும் சக்கரத் தடப் பள்ளத்தையும் குறைத்துச் சாலையின் ஆயுளை நீட்டிப்பதே இதன் நோக்கம். இங்கும் நாம் பார்க்க வேண்டியது ஆயுட்காலச் செலவையே.

எச்சாலைக்கும் பொதுப் பகை நீர். அடித்தளத்தில் நீர் இறங்கினால் தாரும் நிலைக்காது, காங்கிரீட்டும் நிலைக்காது. சாலையோரக் கால்வாயில் சருகையும் மண்ணையும் அகற்றக் கூட்டுப்பணியாக அரை நாள் உழைப்பது போதும். அதுவே யாவற்றினும் மலிவான பராமரிப்பு.

இனி நம் தோட்டத்துக்குச் சாலை கேட்கும்போது, "எவ்வளவு செலவாகும்?" என்பதோடு நில்லாமல், "எத்தனை ஆண்டு உழைக்கும்? பழுது பார்க்கப் பணம் எங்கே?" என்றும் கேட்போமாக.