ஆண்டின் அகவையும் அணுவின் அகவையும்



"எழுபதைக் கடந்தவருக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை எதற்கு?" என நம் இல்லங்களிலேயே கேட்கின்றோம். கேட்டோருள் நானும் ஒருவன். ஆண்டுக் கணக்கு வேறு. உயிரணுக்களின் மூப்பு வேறு.

ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மனித உயிரணு ஏறத்தாழ 50 முறை பிரிந்தபின் ஓய்ந்துவிடும் என 1961-இல் ஹேஃப்ளிக்கும் மூர்ஹெட்டும் காட்டினர். பிரியுந்தோறும் குரோமோசோமின் நுனியாகிய டெலோமியர் தேய்கின்றது. ஒத்த வயதினர் இருவரிடத்தும் இத்தேய்வு சமமன்று. நாட்பட்ட நிணநீரணு இரத்தப் புற்றில், நோயணுக்களின் டெலோமியர் மிகக் குறுகியோர்க்கு மருந்தின் பயன் நெடிது நிற்பதில்லை எனக் கண்டுள்ளனர்.

இவ்வளவீடு இன்னும் எல்லா மருத்துவமனைகளிலும் வழக்கத்தில் இல்லை. எனினும் முதியவரின் நடை, உணவு, நினைவு ஆகியவற்றை ஆராய்ந்து சிகிச்சையைத் தீர்மானிக்கும் முறை இன்றே உண்டு. பாட்டனாரை அழைத்துச் செல்லும்போது அச்சோதனையைக் கேட்டுப் பெறுங்கள்.