நேரம் நீண்டால் கூலியும் நீளவேண்டும்



2014 ஜூன் 14. உலகக் கிண்ணக் காற்பந்தில் இங்கிலாந்தும் இத்தாலியும் மோதின. ஆட்டம் நடந்ததோ பிரேசிலில். இங்கிலாந்தில் அப்போது இரவு 11 மணி, மதுக்கடைகள் வழக்கமாக மூடும் வேளை. ஆகவே, 1 மணிவரை திறந்திருக்க அரசாங்கம் அனுமதித்தது. 2021 ஜூலை 11 ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்திற்கும் 10.30 மணி, 11.15 ஆயிற்று.

ரசிகர்கள் மகிழட்டும்! ஆனால், கடைசிக் கோப்பையையும் கழுவிவிட்டு நடுநிசியில் வீடு திரும்பும் ஊழியனை யார் நினைத்தார்கள்? ஓவர்டைமுக்கு உயர்ந்த கூலி தரவேண்டும் என்ற கட்டாயம் அந்நாட்டுச் சட்டத்தில் இல்லை. ஒப்பந்தத்தில் இருந்தால்தான் உண்டு. அந்த ஒப்பந்தத்தைப் போராடிப் பெறுவதற்கே சங்கம்!

முதலாளிக்கு நேரம் கூடும்போது தொழிலாளிக்குக் கூலியும் கூடவேண்டும். இதுவே நியாயம்.