ஓவியரின் பலகையில் ஒரு குழந்தை விண்மீன்

பிப்ரவரி மாதத்து முன்னிரவில் தெற்கே பளிச்சென்று தெரியும் அகத்திய நட்சத்திரத்தின் பக்கத்திலேயே இருக்கிறது, ஓவியர் மண்டலம். லக்காய் என்ற பிரெஞ்சு வானியலாளர் 1750களில் நன்னம்பிக்கை முனையில் தங்கி, ஏறக்குறைய 10,000 தென்வான விண்மீன்களை அளந்தபோது வகுத்த 14 மண்டலங்களில் இதுவும் ஒன்று. பார்வைக்கு மங்கல்தான். ஆனால் இதிலுள்ள பீட்டா பிக்டோரிஸை வானியலாளர்கள் விடாமல் கவனித்து வருகிறார்கள்.

63 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் அதற்கு வயது சுமார் 2 கோடி ஆண்டுகள்தான். நம் சூரியனுக்கோ சுமார் 460 கோடி!

1983இல் ஐராஸ் செயற்கைக்கோள் பீட்டா பிக்டோரிஸைச் சுற்றி எதிர்பாராத அளவு அகச்சிவப்பு ஒளியைக் கண்டது. மறு ஆண்டே, சிலி நாட்டு லாஸ் கம்பானாஸ் மலையில் பிராட்ஃபோர்டு ஸ்மித்தும் ரிச்சர்டு டெரைலும் விண்மீனின் கண்கூசும் ஒளியைக் கருவிக்குள்ளேயே மறைத்துவிட்டுப் படமெடுத்தார்கள். இருபுறமும் கத்திமுனைபோல் நீண்டு தெரிந்தது தூசித் தட்டு. கோள்கள் பிறக்கும் களம் இப்படித்தான் இருக்கும் என்று அதுவரை கணக்கில் மட்டுமே சொல்லிவந்த விஷயத்துக்கு, கண்ணால் காணும் சாட்சி கிடைத்தது. எவ்வளவு பெரிய பேறு!

பிறகு அங்கே வியாழனைவிடப் பல மடங்கு கனமான கோள் ஒன்றும் படத்தில் சிக்கியது. 2019இல் இரண்டாவது கோள் அறிவிக்கப்பட்டது.

இதே மண்டலத்தில் ஒரு கிழவரும் உண்டு. 13 ஒளியாண்டு தொலைவிலுள்ள காப்டீன் விண்மீன், சூரியனைவிட மிக மூத்தது. 1897இல் அதன் வேகம் தெரியவந்தது. முழுநிலவின் அகலத்தை வானில் கடக்க அதற்குச் சுமார் 200 ஆண்டுகளே போதும்.