கூண்டும் கொல்லாமையும்: இல்லத்தில் ஹாம்ஸ்டர் வளர்ப்போர் அறிய வேண்டுவன



கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சூழ்ந்தும், பொன்னேரி, செங்குன்றம், திருவள்ளூர் ஆகிய ஊர்களிலும் அடுக்ககங்கள் பெருகிவிட்டன. அங்கு வாழும் குடும்பங்களில் நாய் வளர்க்க இடமில்லை; பூனை வளர்க்க அண்டை வீட்டார் இசைவதில்லை. ஆயினும் குழந்தைகளின் உள்ளம் ஓர் உயிரின் உறவை நாடுகிறது. அந்த நாட்டத்திற்கு விடையாக, உள்ளங்கையில் அடங்கும் ஹாம்ஸ்டர் எனும் சிற்றுயிர் பல இல்லங்களுக்குள் வந்துள்ளது. வந்த சில நாட்களிலேயே அது கூண்டைக் கடித்துத் தப்பிவிடுகிறது. பீரோவின் அடியிலும் குளிர்சாதனப் பெட்டியின் பின்னும் அதைத் தேடி வீடே அலைகிறது. உயிர் ஓம்புதலை முதல் அறமாகக் கொண்ட இல்லத்தார்க்கு அப்போது ஒரு கேள்வி எழுகிறது: தப்பியோட விழையும் உயிரைக் கூண்டில் வைத்திருப்பது அறமாகுமா?

இக்கேள்வி எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. உமாசுவாதி அருளிய தத்துவார்த்த சூத்திரம், இல்லறத்தார்க்குரிய கொல்லாமை விரதத்திற்கு ஐந்து குற்றங்களை வகுத்துரைக்கிறது. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், தாங்கொணாப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. கொல்வது மட்டுமே குற்றம் என்று எண்ணுவோர்க்கு இவ்வரிசை ஓர் எச்சரிக்கை. அதில் முதலில் நிற்பதே கட்டிவைத்தல். இருபத்திரண்டாம் தீர்த்தங்கரரான நேமிநாதர், தம் மணவிழா விருந்துக்காக அடைத்துவைக்கப்பட்டிருந்த விலங்குகளின் ஓலம் கேட்டே மணத்தைத் துறந்து தவம் பூண்டார் என்பதும் இங்கு நினைவுகூரத் தக்கது.

அவ்வாறாயின், கூண்டைத் திறந்து ஹாம்ஸ்டரை வெளியே விட்டுவிடுவதே அபயதானம் ஆகுமன்றோ எனச் சிலர் வினவலாம். ஆகாது. ஹாம்ஸ்டர் இம்மண்ணின் உயிரன்று. பொன்னிற ஹாம்ஸ்டரின் தாயகம் சிரியாவின் வடபகுதியும் அதனை அடுத்த துருக்கியின் எல்லைப்புறமும் ஆகும். திருவள்ளூர் மாவட்டத்தின் வயல்வெளியில் விடப்பட்டால் காகமும் பூனையும் பாம்பும் அதை விட்டுவைக்கா. அவற்றுக்குத் தப்பினாலும் சித்திரை வெயில் விடாது. பல தலைமுறைகளாக மனிதர் கையில் வளர்ந்த உயிரை அறியாத நிலத்தில் விடுவது விடுதலையாகாது. அது கைவிடுதலே ஆகும். எனவே இல்லத்தார் முன் உள்ள வழி ஒன்றே: கூண்டு என்பது கட்டாக இராமல் வளையாக, அவ்வுயிர் விரும்பித் தங்கும் இடமாக அமைய வேண்டும்.

அவ்வாறு அமைப்பதற்கு, அது ஏன் தப்ப முயல்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். இதற்கு ஹாம்ஸ்டரின் வரலாறே சான்று தருகிறது. 1930ஆம் ஆண்டு இஸ்ரேல் அஹரோனி என்னும் விலங்கியலாளர், சிரியாவின் அலெப்போ நகருக்கு அருகே ஒரு வயலை ஆழத் தோண்டி, தாய் ஹாம்ஸ்டர் ஒன்றையும் அதன் குட்டிகளையும் எடுத்தார். தாய் ஹாம்ஸ்டர் கொல்லப்பட்டது. குட்டிகள் ஜெருசலேமில் உள்ள எபிரேயப் பல்கலைக்கழகத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டன. அங்கு மரத்தளம் கொண்ட கூண்டில் வைக்கப்பட்ட அவற்றுள் ஐந்து, தளத்தைக் கடித்துத் துளையிட்டுத் தப்பின; அவற்றை உயிருடன் மீட்க இயலவில்லை. எஞ்சிய சிலவற்றின் வழித்தோன்றல்களே இன்று உலகெங்கும் வீடுகளில் வாழும் பொன்னிற ஹாம்ஸ்டர்களுள் மிகப் பெரும்பாலானவை. ஆகவே தப்பியோடுதல் ஒரு குட்டியின் குறும்பன்று, அவ்வினத்தின் இயல்பு.

காட்டில் வாழும் ஹாம்ஸ்டர் இரண்டடிக்கும் மேலான ஆழத்தில் வளை தோண்டி வாழும். பொன்னேரி வட்டாரத்து நெல்வயல் வரப்புகளில் வயலெலி கதிர்களைக் கொண்டுபோய் வளையில் சேர்ப்பதை உழவர் அறிவர். ஹாம்ஸ்டரும் அவ்வாறே கன்னப்பைகளில் தானியத்தை நிரப்பிச் சென்று சேமிக்கும். தோண்டுதல், ஒளிதல், சேமித்தல், இரவில் நெடுந்தொலைவு ஓடுதல் என்னும் நான்கும் அதன் பிறவித் தொழில்கள். இவற்றுள் எதற்கு இடமில்லையோ அதைத் தேடியே அது கம்பியைக் கடிக்கிறது.

இதனைச் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாக்கியது. பொன்னிற ஹாம்ஸ்டர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, 10, 40, 80 சென்டிமீட்டர் ஆழத்திற்குப் படுகை இட்டு அவர்கள் வளர்த்தனர். 10 சென்டிமீட்டர் படுகையில் வாழ்ந்தவை மற்றவற்றைவிட மிகுதியாகக் கம்பியைக் கடித்தன. 80 சென்டிமீட்டர் படுகையில் வாழ்ந்தவற்றிடம் அப்பழக்கமே காணப்படவில்லை. பூட்டை வலுப்படுத்துமுன் படுகையை ஆழப்படுத்த வேண்டும் என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

இனி, உறைவிடத்தின் அளவு. கடைகளில் அழகுற அடுக்கப்பட்டிருக்கும் சிறு வண்ணக் கூண்டுகள் பயணத்திற்கு மட்டுமே போதுமானவை. குறைந்தது 100 சென்டிமீட்டர் நீளமும் 50 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட தரைப்பரப்பு வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. பயன்படாத பெரிய மீன்தொட்டி ஒன்று போதும். அல்லது கண்ணாடிக் கடையில் அளவு கொடுத்துச் செய்துகொள்ளலாம். மேல்மூடியை இரும்பு வலையால் அமைத்தால் காற்று தடையின்றி உலவும். தொழிற்பேட்டைப் பகுதியில் அத்தகைய வலையை வெட்டி, முனைகளை மழுக்கிச் சட்டமிட்டுத் தரும் பட்டறைகளுக்குக் குறைவில்லை. கம்பிக்கூண்டே வைத்திருப்போர் கம்பிகளுக்கிடையே உள்ள இடைவெளியை அளந்து பார்த்தல் நன்று. பொன்னிற ஹாம்ஸ்டருக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேலும், குட்டை இனங்களுக்கு ஏழு மில்லிமீட்டருக்கு மேலும் இடைவெளி இருத்தலாகாது. தலை நுழையும் வழியில் உடலும் நுழைந்துவிடும். போதிய அசைவுக்கு இடமில்லாத கூண்டில் விலங்கை அடைத்தல் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படியும் குற்றமே.

படுகைக்கு அச்சு மை படியாத காகிதத்தைக் கிழித்து இடலாம். உலர்புல்லையும் கலந்தால் தோண்டிய சுரங்கம் சரியாது நிற்கும். மரவாடித் தூள் மூச்சுக்கு ஊறு செய்யும். பஞ்சு கால்களில் சுற்றிக்கொள்ளும்; கன்னப்பையிலும் அடைத்துக்கொள்ளும். இவ்விரண்டையும் விலக்குக. படுகை 25 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். இடமுள்ள அளவுக்கு மேலும் ஆழமாக்கலாம். ஓடும் சக்கரம் பொன்னிற ஹாம்ஸ்டருக்கு 28 சென்டிமீட்டர் விட்டமும், கால் சிக்காத முழுத்தளமும் உடையதாக இருத்தல் வேண்டும். சக்கரம் சிறிதானால் முதுகெலும்பு வளையும். வாயில் உடைந்த மண்கலயம் ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் அது நல்ல ஒளிவிடமாகும். கோடையில் குளிர்ச்சியும் தரும். சக்கரமும் நீர்க்குப்பியும் மேல்மூடிக்கு ஏறும் படிகளாக அமைந்துவிடாமல் பார்த்துக்கொள்க. ஒவ்வொரு மாலையும் மூடியின் கொக்கிகளைக் கையால் அசைத்துச் சரிபார்க்கும் கடமையைக் குழந்தைகளிடம் ஒப்படைக்கலாம்.

பொன்னிற ஹாம்ஸ்டர் தனித்து வாழும் இயல்பினது. துணை வேண்டுமே என்று இரங்கி இரண்டை ஒன்றாக வைத்தால் அவை ஒன்றையொன்று கடித்துக் குதறும்; இரக்கமே கொலையில் முடியும். ஆணும் பெண்ணும் சேர்ந்தாலோ பதினாறே நாட்களில் குட்டிகள் பிறந்துவிடும். அத்தனை உயிர்க்கும் இடம் தர எந்த இல்லத்தாலும் இயலாது.

அதன் பொழுதும் மனிதர் பொழுதும் வேறு வேறு. சிப்காட் ஆலைகளில் இரவுப் பணி முடித்துக் காலையில் வீடு திரும்பும் தந்தையைப் பகலில் எழுப்பலாகாது என்பதை அப்பகுதிக் குழந்தைகள் நன்கறிவர். ஹாம்ஸ்டரும் இரவுப் பணியாளரே. பள்ளிவிட்டு வந்ததும் அதை உலுக்கி எழுப்பினால் அது அஞ்சும், அஞ்சினால் கடிக்கும், நாளடைவில் தப்பவும் முனையும். கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கும் நெறியுடைய இல்லங்களில் இதற்கொரு நல்ல வாய்ப்பு உண்டு. வீட்டாரின் உணவு முடிந்தபின் அதன் தட்டில் உணவு இடப்படுமானால், அது விழித்தெழும் நேரத்தில் எல்லாம் ஆயத்தமாக இருக்கும்.

உணவிலும் அவ்வில்லங்கள் அஞ்ச வேண்டியதில்லை. இயற்கையில் பூச்சிகளையும் உண்ணும் உயிர் ஆதலால் அதற்குப் புரதம் தேவை. ஹாம்ஸ்டருக்கென்றே செய்யப்பட்ட தாவர உணவுக் குருணை, முளைகட்டிய பாசிப்பயறு, சிறிதளவு பனீர், பூசணி விதை ஆகியவற்றால் அதனை ஈடுசெய்யலாம். வெள்ளரி, புடலை, கீரை ஆகியவற்றைச் சிறு துண்டளவு தரலாம். நோன்பு நெறியில் விலக்கப்பட்ட வெங்காயமும் பூண்டும் பச்சை உருளைக்கிழங்கும் ஹாம்ஸ்டருக்கும் ஆகாதவை என்பது வியப்பூட்டும் ஒற்றுமை. விழாக்கால இனிப்பும் உப்பிட்ட தின்பண்டமும் அதற்கு வேண்டா. தூய நீர் என்றும் இருத்தல் வேண்டும்.

இவ்வட்டாரத்தில் ஹாம்ஸ்டரின் முதற்பகை வெப்பம். 20 முதல் 24 பாகை வரையிலான வெம்மையே அதற்கு இதம்; 30 பாகையைக் கடந்தால் இடர் தொடங்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழும், வெயில் படும் பலகணியிலும், தேசிய நெடுஞ்சாலையின் இரைச்சல் தாக்கும் சன்னலோரத்திலும் கூண்டை வைத்தலாகாது. மின்தடை நேரும் நாட்களில், உறைய வைத்த நீர்க்குப்பியைத் துணியில் சுற்றிக் கூண்டின் புறத்தே சாய்த்து வைக்கலாம். உடல் தளர்ந்து, வாய்நீர் ஒழுக, விரைந்து மூச்சு வாங்குமானால் உடனே குளிர்ந்த இடத்திற்கு மாற்றி மருத்துவரை நாடுக. சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கும்மிடிப்பூண்டியிலிருந்து புறநகர் ரயிலில் சென்று வரலாம். மகாவீரர் வீடுபேறடைந்த நாளாகப் போற்றப்படும் தீபாவளியன்று, வெடியோசை எட்டாத உள்ளறையே அதற்குப் பாதுகாப்பு.

இத்தனை செய்தும் ஒரு நாள் அது தப்பிவிடலாம். அப்போது பதற்றமே பெரும்பகை. முதலில் எல்லா அறைக் கதவுகளையும் சாத்தி, கதவடி இடுக்கில் சுருட்டிய துணியை வைக்க வேண்டும். குளியலறை வடிகால் துளையை மூட வேண்டும். குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், கட்டில், பீரோ ஆகியவற்றைத் தேடிப் பாராமல் நகர்த்தலாகாது; நசுங்கி இறக்கும் உயிர்கள் பல. மின்கம்பிகளைக் கடிக்கக்கூடும் என்பதால் தேவையற்ற இணைப்புகளை நீக்கிவிடுக. இரவில் ஒவ்வோர் அறையிலும் எண்ணிய சில விதைகளை வைத்து, சுற்றிலும் கோலமாவை மெல்லத் தூவி, விளக்கை அணைத்துவிட்டால் காலையில் அடிச்சுவடே அதன் இடத்தைக் காட்டும். அவ்வறையில் ஒரு வாளியை வைத்து, உள்ளே மெத்தெனப் படுகையும் வெள்ளரித் துண்டும் இட்டு, புத்தகங்களைப் படிபோல் அடுக்கி வைத்தால், அது ஏறி உள்ளே இறங்கும். மீண்டும் ஏற இயலாது. நேரில் கண்டால் துரத்தவோ வாலைப் பற்றவோ கூடாது. ஒரு குவளையை முன்னே சாய்த்து வைத்தால் தானே புகுந்துகொள்ளும்.

எலிநஞ்சும் ஒட்டுப்பலகையும் எலிப்பொறியும் அவ்வீட்டில் எக்காலத்தும் இருத்தலாகாது. அடுக்ககத்தின் பொதுவிடங்களில் அவை வைக்கப்படுகின்றனவா என்பதைக் காவலரிடமும் பராமரிப்பாளரிடமும் முன்னதாகவே கேட்டறிந்து, தப்பிய செய்தியை அன்றே அவர்களுக்கும் அண்டை வீட்டார்க்கும் தெரிவித்தல் வேண்டும். கோபத்தாலன்றி, அறியாமையால் நிகழும் கொலையே இங்கு மிகுதி.

2022ஆம் ஆண்டு சனவரியில் ஹாங்காங்கில், ஒரு கடையின் ஹாம்ஸ்டர்களிடம் கொரோனா தொற்று காணப்பட்டதும், ஏறத்தாழ 2,000 சிற்றுயிர்களைக் கொன்றொழிக்க அரசு ஆணையிட்டது. வாங்கியவர்களும் அவற்றை ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். அந்நேரத்தில் கைவிடப்பட்டவற்றை ஏற்று வளர்க்கப் பலர் முன்வந்தனர். விலைகொடுத்து வாங்கப்படும் சிற்றுயிரின் வாழ்வு எத்துணை மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதையும், அந்நூலைத் தாங்கும் கைகளும் உலகில் உண்டு என்பதையும் அந்நிகழ்வு ஒருங்கே காட்டியது.

ஆகவே பிறந்தநாள் பரிசாகவோ ஒரு மாலையின் ஆசையாலோ ஹாம்ஸ்டரை வாங்குதல் வேண்டா. இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் நாள்தோறும் ஓம்ப இயலுமா என்று முதலில் குடும்பம் கூடி ஆராய்க. இயலாதெனில் வாங்காதிருப்பதே அதற்குச் செய்யும் உபகாரம். இயலுமெனில், புதிதாக வாங்குமுன், வளர்க்க இயலாமல் தவிக்கும் இல்லத்திலிருந்து ஒன்றை ஏற்றுக்கொள்ளலாம். ஏற்கெனவே வளர்ப்போர் இன்றே அளவுகோலைக் கொண்டு கூண்டையும் படுகையையும் அளந்து பார்க்கட்டும். கட்டிவைத்தல் என்னும் குற்றத்திற்கும் அடைக்கலம் என்னும் அறத்திற்கும் இடையே உள்ள தொலைவு, சில வேளைகளில் ஒரு முழப் படுகையே.