பசியும் கோட்பாடும்: ஜனாதிபதி ஹூவரின் நான்காண்டு ஆட்சி

1931ஆம், 1932ஆம் ஆண்டுகளில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஏழை மக்கள் தம் நாட்டுத் தலைவரின் பெயரைக் கொண்டு சில புதுச் சொற்களை ஆக்கிக்கொண்டனர். வீடிழந்தவர் பூங்கா வாங்கிலே படுத்துப் பழைய பத்திரிகைத் தாளைப் போர்த்திக்கொண்டால், அத்தாளுக்கு 'ஹூவர் கம்பளி' என்று பெயர். வெறுமையான காற்சட்டைப் பையை வெளியே இழுத்துத் தொங்கவிட்டால் அது 'ஹூவர் கொடி'. தகரத்தாலும் பெட்டிப் பலகையாலும் நகரங்களின் ஓரத்தில் எழுந்த குடிசைக் கூட்டம் 'ஹூவர் ஊர்'. இறைச்சி வாங்க வழியற்ற நாட்டுப்புறத்தார் வயலிற் பிடித்துத் தின்ற முயல் 'ஹூவர் பன்றி'. ஆளுவோரை மக்கள் எள்ளுவது எந்த நாட்டிலும் புதுமையன்று. ஆயின் 1928ஆம் ஆண்டுத் தேர்தலில் அன்றிருந்த நாற்பத்தெட்டு மாநிலங்களுள் நாற்பதைத் தந்து தாமே உயர்த்திய ஒருவரை, நான்கு ஆண்டுகள் நிறையுமுன் பசிக்கும் வறுமைக்கும் மறுபெயராக மக்கள் வழங்கத் தலைப்பட்டது எதனால்? ஹெர்பட் ஹூவர் இரக்கமற்றவர் என்பதே அன்று பலர் கூறிய விடை. அவ்விடை பிழையானது என்பது என் கருத்து. உண்மையான விடையோ அதனினும் கவலை தருவது.

நேயர்களே, அவருடைய முன்வரலாற்றைச் சற்றே நோக்குங்கள். அயோவா மாநிலத்தின் சிற்றூரொன்றில் 1874ஆம் ஆண்டு ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். ஆறு வயதில் தந்தையையும், பத்து வயது நிரம்புமுன் தாயையும் இழந்தார். ஒறிகன் மாநிலத்திலிருந்த மாமன் வீட்டில் வளர்ந்து, அப்போதே புதிதாகத் திறக்கப்பட்ட ஸ்டான்போட் பல்கலைக்கழகத்திற் புவியியற் பொருளாராய்ச்சி கற்றுச் சுரங்கப் பொறியியலாளரானார். மேற்கு அவுஸ்திரேலியா, சீனா, பர்மா ஆகிய நாடுகளின் சுரங்கங்கள் அவரைச் செல்வராக்கின. 1914ஆம் ஆண்டு முதலாம் உலகப் போர் மூண்டு பெல்ஜியம் ஜேர்மன் படையின் பிடியிற் சிக்கிப் பட்டினி கிடந்தபோது, தம் தொழிலை விட்டு அந்நாட்டு மக்களுக்கு உணவூட்டும் பணியை ஏற்றார். ஒரு பக்கம் ஜேர்மனியர், மறுபக்கம் பிரித்தானியக் கடற்படை. இருவர் இசைவையும் பெற்று, கப்பல் கப்பலாகக் கோதுமை கொண்டு சேர்த்தார். 1921ஆம் ஆண்டு ரஷ்யாவிற் பெரும் பஞ்சம் தோன்றிய காலை, பொதுவுடைமை ஆட்சியை வெறுத்தவராயிருந்தும், அந்நாட்டு மக்களுக்கு உணவனுப்பினார். அடுத்த ஆண்டின் நடுவில் அவருடைய நிறுவனத்தின் கையால் நாள்தோறும் உண்டவர் தொகை ஒரு கோடியைத் தாண்டிற்று. ஜனாதிபதியான பின்னரும் தம் சம்பளத்தைத் தமக்கென வைத்துக்கொள்ளாது அறச்செயல்களுக்கே வழங்கினார். இத்தகைய ஒருவரை ஈரமற்ற நெஞ்சினர் என்பது பொருந்துமா?

1928ஆம் ஆண்டு வேட்பாளராக நின்று பேசியபோது, உலகில் எந்நாடும் அடைந்திராத அளவுக்கு அமெரிக்கா வறுமையின்மீது இறுதி வெற்றி கொள்ளும் நிலையை நெருங்கிவிட்டதென்றார். பதவியேற்றது 1929ஆம் ஆண்டு மார்ச் மாதம் 4ஆம் திகதி. அதே ஆண்டு ஒக்டோபர் இறுதியில் நியூயோர்க் பங்குச் சந்தை சரிந்தது. 1929 செப்டெம்பரில் 381ஆக உயர்ந்து நின்ற பங்கு விலைச் சுட்டெண் 1932 ஜூலையில் 41க்கு இறங்கிற்று. ஆயிரக்கணக்கான வங்கிகள் கதவடைத்தன. அவர் பதவி நீங்கிய வேளையில் தொழிலாளருள் நாலிலொருவர் வேலையற்றிருந்தனர். சரிவு முழுவதையும் ஹூவர் தலையிற் சுமத்துதல் நேர்மையன்று. அதன் வித்துக்கள் அவருக்கு முன்னரே ஊன்றப்பட்டவை; ஐரோப்பாவின் போர்க்கடன்களும் அவற்றுட் சில. அவரை விசாரிக்கவேண்டிய இடம் சரிவன்று. சரிந்தபின் அவர் செய்தவையும் செய்ய மறுத்தவையுமே.

செய்தவற்றுள் மிகப் பெரிய பிழை 1930 ஜூன் 17ஆம் திகதி அவர் கையொப்பமிட்ட ஸ்மூட்–ஹோலித் தீர்வைச் சட்டம். பிறநாட்டுப் பொருள்கள்மீது சுங்கத் தீர்வையை உயர்த்தி உள்நாட்டுக் கமக்காரரையும் ஆலையினரையும் காப்பது அதன் நோக்கம். ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருளியலறிஞர் ஒன்றுகூடி, இதனைத் தள்ளிவிடுக என்று விண்ணப்பித்தனர். மோட்டார் வண்டித் தொழிலதிபர் ஹென்றி போட் நேரிற் சென்று தடுக்க முயன்றார். ஹூவர் செவிசாய்க்கவில்லை. கனடா முதலாய நாடுகள் பதிலுக்குத் தம் தீர்வையை உயர்த்தின. 1929இல் 500 கோடி டொலருக்கு மேலிருந்த அமெரிக்க ஏற்றுமதி 1933இல் 200 கோடிக்கும் கீழிறங்கிற்று. வீழ்ச்சிக்குத் தீர்வை ஒன்றே காரணமன்று. எனினும் வழுக்கும் படியில் எண்ணெய் வார்த்தது அது.

இங்கே நம் நாட்டின் கதையும் வந்து கலக்கின்றது. ஹூவரின் பெயர் கொழும்பு றப்பர் வணிகருக்கு அவர் ஜனாதிபதியாவதற்கு முன்னரே தெரிந்திருந்தது. 1922ஆம் ஆண்டு முதல் இலங்கையிலும் மலாயாவிலும் றப்பர் ஏற்றுமதியைப் பிரித்தானிய அரசு கட்டுப்படுத்தி விலையை நிலைநிறுத்த முயன்றது. ஸ்டீவன்சன் திட்டம் என்பது அதன் பெயர். 1925ஆம் ஆண்டின் நடுவில் நியூயோர்க்கில் றப்பர் இறாத்தல் ஒன்று ஒரு டொலருக்கு மேல் விலைபோயிற்று. அப்போது வர்த்தக அமைச்சராயிருந்த ஹூவர் வெகுண்டெழுந்தார். அரசாங்கங்கள் விலையைத் தாங்கிப் பிடிப்பது உலக வணிகத்துக்கே கேடு என்று முழங்கி, டயர்களைச் சிக்கனமாகப் பயன்படுத்துமாறு தம் மக்களைத் தூண்டினார். 1928ஆம் ஆண்டு அத்திட்டம் கைவிடப்பட்டது. அடுத்தவர் எல்லையில் அரசு தலையிடுவதைக் குற்றமென்றவர், இரண்டே ஆண்டுகளில் தம் எல்லையிற் சுவரெழுப்பினார். புதிய தீர்வை றப்பரைத் தொடவில்லை என்பது மெய். ஆயின் மோட்டார் வண்டி வாங்குவார் இல்லாதபோது றப்பரை யார் வாங்குவர்? 1929இல் ஐம்பது இலட்சத்துக்கு மேல் வண்டிகள் செய்த நாடு 1932இற் சுமார் பதின்மூன்று இலட்சமே செய்தது. 1932 ஜூன் மாதம் அதே நியூயோர்க்கில் இறாத்தல் விலை 3 சதத்துக்கும் கீழே போயிற்று. களுத்துறையிலும் கேகாலையிலும் பால் வெட்டுவதை நிறுத்திய தோட்டங்கள் பல. பல்லாயிரம் தொழிலாளர் தென்னிந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். மூட்டை முடிச்சுடன் தலைமன்னாரிற் கப்பலேறிய அவர்களுக்கு ஹூவர் என்ற பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை.

இனி, செய்ய மறுத்தவற்றுக்கு வருவோம். 1930ஆம் ஆண்டு கோடையில் ஆர்கன்சோ முதலிய மாநிலங்களிற் கொடிய வறட்சி உண்டாயிற்று. கமக்காரருக்கு உதவ 4½ கோடி டொலர் கடன் வழங்க ஹூவர் இணங்கினார். எதற்காக என்பதைக் கவனியுங்கள்: விதைக்கு, உரத்துக்கு, எரிபொருளுக்கு, கால்நடைத் தீவனத்துக்கு. மனிதர் உண்ணும் உணவுக்கு மட்டும் கொடுக்கலாகாது என்பது அரசாங்கத்தின் நிலை. கோவேறு கழுதைக்குத் தீவனம் உண்டு. அதனைப் பூட்டி உழுபவனுக்குச் சோறில்லை. காரணம் யாதெனில், தனி மனிதனுக்கு மத்திய அரசு நேராக உணவு கொடுத்தால் அவன் தன்மானமும் தன் முயற்சியும் கெடும். அயலாரின் அறவுணர்ச்சி வற்றும். அப்பணி செஞ்சிலுவைச் சங்கத்தையும் ஊராரையும் சார்ந்தது என்பதே அவர் கோட்பாடு.

1931 ஜனவரி 3ஆம் திகதி அம்மாநிலத்தில் இங்லண்ட் என்னும் பெயருடைய சிறிய பட்டினத்துக்குள் சில நூறு கமக்காரர் திரண்டு வந்தனர். சிலர் கையில் துப்பாக்கி இருந்தது. செஞ்சிலுவைச் சங்கத்தின் விண்ணப்பப் படிவங்கள் தீர்ந்துபோனமையால் உணவு வழங்கல் தடைப்பட்டிருந்தது. பிள்ளைகள் வீட்டிற் பசித்திருந்தனர். உணவு தராவிட்டால் எடுத்துக்கொள்வோம் என்றனர். கடைக்காரர் கொடுத்தனர். படிவம் இல்லாமையால் உணவில்லை! கந்தோர் வாயிலிற் காத்து நின்று பழகிய நமக்கு இது விளங்காததன்று. இச்செய்தி நாடெங்கும் பரவியபின், செஞ்சிலுவைச் சங்கத்துக்கு ஒரு கோடி டொலர் நன்கொடை திரட்டுமாறு ஹூவர் மக்களை வேண்டினார். அரசாங்கப் பணத்தில் 2½ கோடியை அச்சங்கத்துக்கே கொடுக்கலாம் என்று கொங்கிரசில் யோசனை எழுந்தபோது, சங்கத்தின் தலைமை அதனை ஏற்க மறுத்தது. அவர்களும் ஹூவர் கொண்ட கோட்பாட்டையே கொண்டிருந்தனர்.

அவர் தம் கோட்பாட்டுக்குச் சான்றாக எப்போதும் காட்டியது பெல்ஜியத்தையும் ரஷ்யாவையுமே. ஆயின் அக்கணக்கைத் திறந்து பார்ப்போருக்கு வேறொன்று தெரியும். பெல்ஜியத்துக்கு உணவளித்த பணத்திற் பெரும்பகுதி தனியார் நன்கொடையன்று. பிரித்தானிய, பிரெஞ்சு, அமெரிக்க அரசாங்கங்கள் கொடுத்தது. ரஷ்யாவுக்கு 1921 டிசெம்பரில் அமெரிக்கக் கொங்கிரஸ் இரண்டு கோடி டொலர் ஒதுக்கிற்று; அதனைக் கேட்டு வாங்கியவர் ஹூவரே. பிறநாட்டுப் பசிக்குத் திறைசேரி திறக்கலாம், தன்னாட்டுப் பசிக்குத் திறக்கலாகாது என்று எந்த அறநூலும் கூறவில்லை. தாம் செய்த பெருஞ்செயலில் அன்பர் தந்த நாணயங்களை நினைவில் வைத்துக்கொண்டு, அரசுகள் தந்த மூட்டைகளை மறந்துவிட்டார்.

1932 ஜனவரியிற் புனரமைப்பு நிதிக் கூட்டுத்தாபனம் என்றொன்றை நிறுவி வங்கிகளுக்கும் புகையிரதக் கம்பனிகளுக்கும் கடன் கொடுத்தார். அது பயனுள்ள நிறுவனமே; பின்வந்த ரூஸ்வெல்ட்டும் அதனை வைத்துக்கொண்டார். எனினும் வங்கிக்குக் கொடுத்தால் தன்மானம் கெடாதா என்று தெருவில் நின்றவன் கேட்டான். அதற்கு நல்ல விடை ஹூவரிடம் இருக்கவில்லை. அவ்வாண்டு ஜூலையில் மாநிலங்களுக்கு 30 கோடி டொலர் நிவாரணக் கடன் வழங்க அவர் இசைந்தபோது காலம் கடந்துவிட்டது.

வானொலியில் இதனைப் பேசும்போது இன்னொன்றைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. அமெரிக்க வானொலி ஒழுங்குபட வளர்வதற்கு வழிகோலியவருள் ஒருவர் வர்த்தக அமைச்சர் ஹூவர். 1927ஆம் ஆண்டின் வானொலிச் சட்டம் உருவாதற்கு அவர் உழைப்பும் காரணம். ஆயின் ஒலிவாங்கியின் முன் தாளைப் பார்த்துத் தாழ்ந்த குரலிற் கணக்கு வாசிப்பவர்போல் அவர் படிப்பார். மோசமான காலம் கடந்துவிட்டதென்று 1930 மே மாதத்தில் உறுதி கூறினார்; கேட்டவர்கள் அடுத்த மாதம் வேலையிழந்தனர். நிலைய அலைவரிசைகளை ஒழுங்குசெய்து வைத்தவர் அவர். அவற்றின் வழியே மக்கள் வீட்டுக்குள் நுழைந்தவர் 1933 மார்ச்சில் வந்த ரூஸ்வெல்ட்.

1932ஆம் ஆண்டுக் கோடையில் முதலாம் உலகப் போரிற் பணிபுரிந்த முன்னாட் படைவீரர் ஏறக்குறைய இருபதினாயிரம் பேர் தலைநகர் வாஷிங்டனிற் கூடினர். 1924ஆம் ஆண்டுச் சட்டப்படி 1945இற் கிடைக்கவேண்டிய கொடைப்பணத்தை இப்போதே தருமாறு கேட்டனர். ஜூன் 17ஆம் திகதி மூதவை அதனை மறுத்தது. பலர் வீடு திரும்பினர். திரும்ப வீடில்லாதவர் மனைவி மக்களுடன் அனகொஸ்டியா ஆற்றங்கரைச் சேற்றுநிலத்திற் குடிசையிட்டுத் தங்கினர். ஜூலை 28ஆம் திகதி பொலிசாருடன் நேர்ந்த கைகலப்பில் இரு வீரர் சுடப்பட்டு இறந்தனர். ஹூவர் இராணுவத்தை அழைத்தார். தளபதி டக்ளஸ் மக்ஆதர் குதிரைப் படை, காலாட் படை, ஆறு டாங்கிகள், கண்ணீர்ப்புகை ஆகியவற்றுடன் சென்றார். ஆற்றைக் கடவாதே என்ற ஜனாதிபதியின் கட்டளையைப் பொருட்படுத்தாது பாலத்தைக் கடந்தார். அன்றிரவு குடிசைகள் தீப்பற்றி எரிந்தன. அந்தத் தீயின் ஒளி வெள்ளை மாளிகையிலிருந்தும் தெரிந்ததென்பர்.

கட்டளையை மீறிய தளபதியை ஹூவர் வெளிப்படையாகக் கண்டிக்கவில்லை. பழியைத் தாமே ஏற்றுக்கொண்டார். இவ்வளவில் நின்றிருந்தால் அதனைப் பெருந்தன்மை எனலாம். ஆயின் கூடியிருந்தோருட் பலர் பொதுவுடைமையினரும் குற்றவாளிகளும் என்று அவருடைய அரசாங்கம் கூறிற்று. படைவீரர் நிருவாகத் திணைக்களம் எடுத்த கணக்கோ, அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்று நால்வர் உண்மையாகவே படையிற் பணிபுரிந்தவர் என்றது. பசித்தவனுக்கு உணவு மறுத்ததை மக்கள் ஒருவேளை மன்னித்திருப்பர். அவனைக் கயவன் என்றதை மன்னிக்கவில்லை. நவம்பர் 8ஆம் திகதித் தேர்தலில் ரூஸ்வெல்ட்டுக்கு 472 தேர்வாளர் வாக்குகள், ஹூவருக்கு 59. நாற்பது மாநிலங்கள் ஆறாயின.

அதன்பின் அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1964ஆம் ஆண்டு தொண்ணூறாம் வயதிற் காலமானார். கொலராடோ ஆற்றில் அவர் காலத்திற் கட்டத் தொடங்கிய பேரணையிலிருந்து அவர் பெயரை அடுத்த அரசாங்கம் நீக்கிற்று. 1947இற் கொங்கிரஸ் அப்பெயரை மீட்டும் சூட்டிற்று. தம் நினைவுக் குறிப்புகளில் தாம் பிழைசெய்ததாக அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆயின் 1946ஆம் ஆண்டு, எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஜனாதிபதி ட்ரூமன், போராற் பாழான நாடுகளின் உணவு நிலையை ஆராய அவரை அழைத்தபோது, எழுபத்தொரு வயதில் விமானமேறி ஐரோப்பாவையும் ஆசியாவையும் சுற்றிவந்தார். அடுத்த ஆண்டு அவருடைய யோசனைப்படி ஜேர்மனியின் அமெரிக்க, பிரித்தானிய வலயங்களிற் பள்ளிக்கூடங்களில் மதிய உணவு கொடுக்கத் தொடங்கினர். அமெரிக்க இராணுவத்தின் மிகுதிக் களஞ்சியத்திலிருந்து, அதாவது அரசாங்கச் செலவிலே, அவ்வுணவு வந்தது. முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் தகரக் குவளையை நீட்டி வாங்கிக் குடித்த அந்தக் கஞ்சிக்கு ஜேர்மன் மொழியில் இட்ட பெயர் 'ஹூவர் உணவு'.