பிறப்பும் மரபும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

"படிப்பு உங்கள் பரம்பரையிலேயே கிடையாது" என்னும் சொல்லைக் கேளாதார் நம்முள் மிகச் சிலரே. வகுப்பறையில், ஆசிரியர் ஒருவர் வாயாலேயே அதனை நாம் கேட்டதுண்டு. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவது எது, வாராதது எது? உயிரியல் தரும் விடையை இன்று உங்கள்முன் வைக்க விழைகின்றோம்.

இதற்கு முதன்முதல் தெளிவான விடை கண்டவர் கிரிகோர் மெண்டல். அன்றைய ஆஸ்திரியப் பேரரசில் 1822-இல் எளிய உழவர் குடியிற் பிறந்தவர். தங்கை தம் சீதனத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தமையால் அவரது படிப்பு தொடர்ந்தது. ஆசிரியர் தகுதித் தேர்வில் இருமுறை முயன்றும் அவர் தேறவில்லை. மாணவர்கள் இதனை நினைவிற் கொள்க. துறவியாகிய அவர், பிர்னோ நகர மடத்தின் தோட்டத்தில் 1856 முதல் 1863 வரை பட்டாணிச் செடிகளை வளர்த்து ஆராய்ந்தார்.

உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் அவர் கலந்தார். கிடைத்த விதைகள் யாவும் உருண்டையாகவே இருந்தன. அவற்றை விதைத்து, தன் மகரந்தத்தாலேயே காய்க்கவிட்டார். அடுத்த தலைமுறையில் 7,324 விதைகள் கிடைத்தன. அவற்றுள் உருண்டை 5,474, சுருக்கம் 1,850. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று! மறைந்த சுருக்கம் மீண்டும் தோன்றியது.

இதன் காரணத்தை நம் வீட்டுத் திண்ணையிலேயே காணலாம். தாயம் ஆட ஒருபக்கம் தேய்த்த புளியங்கொட்டைகள் இரண்டினை எடுத்துக்கொள்வோம். ஒன்று தந்தை, மற்றொன்று தாய். உருட்டினால் கருப்பு–கருப்பு, கருப்பு–வெள்ளை, வெள்ளை–கருப்பு, வெள்ளை–வெள்ளை என நான்கு வகையில் விழும். கருப்பு ஒன்றேனும் இருப்பவை மூன்று. முழு வெள்ளை ஒன்றே. ஒவ்வொரு பண்பிற்கும் உயிரிடத்தே இரு காரணிகள் உள. அவற்றுள் ஒன்றே பிள்ளைக்குச் செல்லும். வெளிப்படுவது ஓங்கிய பண்பு. மறைவது ஒடுங்கிய பண்பு. ஒடுங்கியது அழிந்ததன்று, இணை கிடைக்கும்வரை காத்திருப்பது.

விதையின் வடிவமும் நிறமும் சேர்ந்து செல்கின்றனவா என்றும் அவர் பார்த்தார். 556 விதைகளில் உருண்டை மஞ்சள் 315, உருண்டைப் பச்சை 108, சுருங்கிய மஞ்சள் 101, சுருங்கிய பச்சை 32. வடிவம் ஒரு வழி, நிறம் ஒரு வழி! ஒரே குரோமோசோமில் அருகருகே அமைந்த காரணிகள் சேர்ந்தே செல்வதுண்டு என்பது பின்னர்க் கண்ட உண்மை. 1865-இல் மெண்டல் படித்த கட்டுரையை உலகம் பொருட்படுத்தவில்லை. 1884-இல் அவர் மறைந்தார். 1900-இல்தான் அறிஞர் மூவர் அவர் கண்டதை உறுதிசெய்தனர். அக்காரணிகளையே இன்று ஜீன்கள் என்கின்றோம்.

இவ்வறிவு நம் இல்லங்களுக்கும் வேண்டும். கதிர் அரிவாள் அணுச் சோகை ஒடுங்கிய நோய். நீலகிரி மலைவாழ் மக்களிடையே அது 1952-இல் கண்டறியப்பட்டது. நோயற்றவராய்த் தோன்றும் தாயும் தந்தையும் அக்காரணியை ஒவ்வொன்று மறைவாகக் கொண்டிருந்தால், ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு குழந்தைக்கு நோய் வர வாய்ப்புண்டு. அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கம், ஒரே மறைகாரணி இருபுறமும் சேரும் வாய்ப்பைக் கூட்டுகின்றது. திருமணத்திற்கு முன் குருதிச் சோதனை செய்துகொள்வதில் இழுக்கு ஏதுமில்லை.

பெண்மகவு பெற்றாள் என்று மருமகளைப் பழிப்பதும் அறியாமையே. தாய் தருவது எப்போதும் எக்ஸ் குரோமோசோம். தந்தை தருவது எக்ஸ் ஆயின் பெண். ஒய் ஆயின் ஆண். தந்தையும் இதனைத் தேர்ந்தெடுத்துத் தருவதில்லை. ஆகவே பழி ஒருவர்க்குமில்லை.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். சாதி குருதித் தூய்மையைக் காக்கின்றது என்னும் வாதத்தை அண்ணல் அம்பேத்கர் 1936-இல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' நூலில் மறுத்தார். தமக்குள்ளேயே மணந்துகொள்ளும் சிறு குழுவில் மறைநோய்கள் மிகலாம். அதனால் உயர்வு எதுவும் விளைவதில்லை. உயர்ந்தோன் தாழ்ந்தோன் என்று ஆக்கும் ஜீன் எதுவுமில்லை. அறிவாற்றலோ பல ஜீன்களோடு உணவும் சூழலும் பயிற்சியும் கூடி அமைவது.

எழுத்தும் எண்ணும் எவர் குருதியிலும் வருவதில்லை. பண்டிதர் மகனும் எழுத்தறியாதவனாகவே பிறக்கின்றான். அவனுக்கு அதனை வீடு கொடுத்தது. நம் முன்னோர்க்கு மறுக்கப்பட்டதும் அந்தக் கொடையே. ஒவ்வொரு தலைமுறைக்கும் அதனைப் புதிதாகக் கொடுத்தாக வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் செய்துவரும் பணி அதுவே. அதனை ஒரு தலைமுறையும் இடையறாமல் தொடர்வோம்.